ரெண்டு ஜிபி கார்டு

— உட்காரேன்டா. கூண்டுப் புலி மாதிரி எத்தனை தடவை நடப்ப?

— கடைக்காரர் நாலு மணி வரைக்கும்தான் எடுத்து வைப்பாராம்க்கா. இன்னும் இருபது நிமிஷம்... என் கம்ப்யூட்டருக்கு எட்டு ஜிபி கிராபிக்ஸ் கார்டா, இருபத்துநாலா? சட்டுனு சொல்லு.

— சாஃப்ட்வேர் எழுதறவன் நீ. ஸ்கேன் சென்டர்ல படம் எடுக்கறவ நான். என்னைக் கேட்டா?

— நீதானே தினமும் என் சாஃப்ட்வேர்ல படம் பாக்கற!

— அப்போ ரெண்டும் வேணாம். எங்க சென்டர்ல இருக்கே ரெண்டு ஜிபி... அதையே வாங்கு.

— அந்த அரதப்பழசையா? ஒரு படம் திரும்பறதுக்குள்ள எனக்கு நரைச்சுடும்.

— இப்பவே பாதி நரைச்சாச்சு.

— விளையாடாதக்கா. இருபத்துநாலு போட்டா முழு நெஞ்சையும் அப்படியே சுத்திச் சுத்திக் காட்டலாம். வழுக்கிக்கிட்டு ஓடும்.

— உன் மேசையில ஓடும். எங்க மேசையில?

— அங்கயும் ஓடுதுல்ல? கார்டுல மெமரி பத்தலன்னா படத்தைத் தானா சுருக்கிக்கும். பாதியில நின்னுடக் கூடாதுன்னு நான்தான் அப்படி எழுதினேன்.

— சுருக்கும்போது... கடுகளவு புள்ளி ஒண்ணு இருந்தா?

— இரு, கடைக்காரர் கூப்பிடறார்.

— உன் போன் என் கையில இருக்கு.

— ... மறையலாம்.

— மறைஞ்சுது. போன வாரம் ஒரு நெஞ்சுப் படம். எங்க திரையில சுத்தமா இருந்துது. டாக்டரும் ஒண்ணுமில்லன்னு எழுதிட்டார். எனக்குத்தான் மனசு கேக்கல. பக்கத்து ஆஸ்பத்திரியில புது கம்ப்யூட்டர்... அதே படத்தை அதுல போட்டுப் பாத்தேன். வலது பக்கம், கீழ, ஒரு புள்ளி.

— அய்யோ...

— என்னடா முகம் இப்படிப் போகுது?

— இன்னொரு சென்டர்லேருந்தும் எழுதியிருந்தாங்க. 'வேற இடத்துல தெரிஞ்ச புள்ளி இங்க தெரியல'ன்னு. என் கம்ப்யூட்டர்ல பளிச்சுன்னு தெரிஞ்சுது. 'உங்க கம்ப்யூட்டர் பழசு'ன்னு பதில் போட்டுட்டேன்.

— எப்போ?

— பத்து நாளாச்சு.

— பத்து நாளா தெரிஞ்சும் வாயத் திறக்கல!

— சந்தேகம்தான்க்கா... தூக்கமே இல்ல. பெரிய கார்டு வாங்கிட்டா அதப்பத்தி நினைக்கவே வேணாம்னு பாத்தேன்.

— நீ நினைக்கலன்னா புள்ளி போயிடுமா?

— போனைக் குடு. ரெண்டு ஜிபியே இருக்கான்னு கேக்கறேன். நீங்க பாக்கறதத்தான் நானும் பாக்கணும்... எல்லா சென்டருக்கும் இப்பவே எழுதறேன், பழைய படத்தையெல்லாம் மறுபடி பாக்கச் சொல்லி.

— எழுது. மொதல்ல அத எழுது.

— அந்தப் புள்ளிக்காரங்க... அவங்களுக்குத் தெரியுமா? யாருக்கா அவங்க? வீட்டைச் சொல்லு, நானே போறேன். கால்ல விழுந்தாவது...

— எங்கயும் போக வேணாம்டா. அன்னிக்கு ஸ்கேன் மெஷினுக்குள்ள படுத்தது நான்தான்... நாளைக்குக் காலையில பெரிய டாக்டரைப் பாக்கணும். கூட வர்றியா?