தகரம் கழற்றிய கூரைகள்

எனக்கு மூக்கு கொஞ்சம் கூர்மை, சார். பெங்களூர் லிங்கராஜபுரத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் கருவாடு வறுத்தால் ஜன்னலைச் சாத்திவிடுவேன், சண்டைக்கெல்லாம் போக மாட்டேன். என் மனைவி மௌரீனைக் கேட்டுப் பாருங்கள். "என் டென்சில் குரல் உயர்த்தியதே இல்லை" என்பாள்.

அந்த அணை ஒரு தனியார் மின்சாரக் கம்பெனியுடையது. பெங்களூரிலிருந்து காரில் அரை நாள். மதகுகள் துருவேறி உரிந்துகொண்டிருந்தன. அதற்கு ஆபத்து வகை போட்டுக் கொடுப்பது என் வேலை. வெளியாட்கள் இதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். அணை எவ்வளவு இற்றுப்போயிருக்கிறது என்று பார்த்து வகை போடுவதில்லை. உடைந்தால் கீழே எத்தனை பேர் சாவார்கள் என்று பார்த்துத்தான். ஆட்கள் குடியிருந்தால் உயர்ந்த வகை. அப்புறம் சைரன் வைக்க வேண்டும், மதகை மாற்ற வேண்டும். ஆளே இல்லையென்றால் ஒரு தொந்தரவும் இல்லை. கம்பெனிக்குத் தொந்தரவு பிடிக்காது.

கீழே ஆற்றங்கரையில் மீன் பிடிக்கிற குடும்பங்கள் இருந்தன. தமிழ் பேசுகிற ஜனங்கள்தான். செதிலும் குடலும் மிதிபட்ட சேறு, அதன்மேல் ஈ, அதே ஈ குழந்தைகளின் வாயிலும். அங்கே எல்லாருக்கும் பெரியவர் லட்சுமம்மா. மீன் அறுத்த கையைப் புடவையில் துடைத்துவிட்டு அந்தக் கையாலேயே எனக்கு டீ கொடுத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டேன். மரியாதைக்குக் குடித்தேன்.

இத்தனை அசிங்கத்துக்கும் மேலே நல்ல தகரக் கூரை போட்டிருந்தார்கள். தகரம் இருந்தால் நாங்கள் வீடு என்று எழுத வேண்டும். தார்ப்பாய் என்றால் தற்காலிகக் கொட்டகை, கணக்கில் வராது.

"தகரத்தோட இருந்தா சர்க்கார் வீடு எப்படிம்மா கிடைக்கும்? வசதியா இருக்காங்கன்னு எழுதிடுவாங்க," என்றேன்.

"அப்ப என்னா சார் பண்றது?"

"கழட்டிட்டு தார்ப்பாய் போடுங்க. நான் போட்டோ எடுத்துக்கறேன்."

அவர்களேதான் கழற்றினார்கள், சார். நான் ஓர் ஆணியைக்கூடத் தொடவில்லை. தார்ப்பாய்க்கு முன்னால் குடும்பம் குடும்பமாக வந்து நின்றார்கள். "ஏழையா தெரியறோமா சார்?" என்று சிரித்தார் லட்சுமம்மா. நன்றாகவே தெரிகிறது என்றேன். நிரந்தரக் குடியிருப்பு எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினேன்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் மதகு பிய்த்துக்கொண்டது. சாப்பிட உட்கார்ந்திருந்தார்களாம். சைரன் எதுவும் இல்லை. லட்சுமம்மா சந்தைக்கு மீன் விற்கப் போயிருந்ததால் பிழைத்தார். மகளும் பேரப்பிள்ளைகளும் போய்விட்டார்கள். ஆமாம், அங்கே ஆட்கள் இருந்தது எனக்குத் தெரியும். மதகு தாங்காது என்பதும் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். நீங்கள் கேட்பது இதைத்தானே, எழுதிக்கொள்ளுங்கள்.

போன வாரம் அந்த அம்மா என் வீட்டைத் தேடிப்பிடித்து வந்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை.

"இப்ப ஒண்ணுமே இல்ல சார். இப்பவாவது வீடு குடுப்பாங்களா? நீங்க எடுத்த போட்டோவ காட்டுங்களேன்."

வாசல் கிரில்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். இன்னும் என்னை நம்பிக்கொண்டிருக்கிறாரே, அதுதான் எனக்கு அந்த நாற்றத்தைவிட அருவருப்பாக இருந்தது. கண்டிப்பாகக் கிடைக்கும் என்று சொல்லி அனுப்பினேன். அவர் தெருமுனை தாண்டிய பிறகுதான் கிரில்லை ஃபினாயில் போட்டுத் துடைத்தேன். பார்த்தால் அவருக்கு மனசு கஷ்டப்படும் இல்லையா, சார்?