வாய் திறந்திருந்த குடுவை

பெரியோர்களே, தாய்மார்களே... ரொம்ப நேரம் எடுத்துக்க மாட்டேன். எனக்குக் கால் வலிக்குது, உங்களுக்குக் காது வலிக்குது. நம்ம ஊர் நர்சம்மா தமயந்தியைப் பாராட்ட வந்திருக்கோம். எனக்கு முன்னாடி ஆறு பேர் பேசினாங்க. ஆறு பேரும் சொன்னது ஒரே வார்த்தை... "எப்பக் கூப்பிட்டாலும் வருவாங்க." எப்பக் கூப்பிட்டாலும்! அதைக் கேட்கக் கேட்க எனக்கு ஒரு பழைய சங்கடம் ஞாபகம் வந்துடுச்சு. சின்னக் கதைதான். சொல்லிட்டு உட்கார்ந்துடறேன்.

நான் மலை மேல வாத்தியாரா இருந்தப்ப சவரிராயன்னு ஒரு சிநேகிதர். முப்பது வருஷம் மலைப்பாதையில பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். அவருக்கு ஒரே பைத்தியம், குடுவைச் செடி. பார்த்திருக்கீங்களா? இலை நுனியில குட்டிக் கூஜா மாதிரி தொங்கும். மேல ஒரு மூடி, உள்ள கொஞ்சம் தண்ணி. விளிம்புல இனிப்பு கசியும். நக்க வர்ற எறும்பு வழுக்கி உள்ள விழும். செடிக்கு அதுதான் சாப்பாடு.

இவர் வாங்கி வெச்சு வளர்த்தவர் இல்லைங்க. குளிர்ப் பிரதேசத்துச் செடி ஒண்ணு, வெயில் ஊர்ச் செடி ஒண்ணு, ரெண்டையும் சேர்த்துப் புதுசா ஒரு கலப்பினம் உண்டாக்கினவர். இதுல ஆண் செடி தனி, பெண் செடி தனி. ரெண்டும் ஒரே நேரத்துல பூக்கணுமே! காத்திருந்தார். பூத்ததும் பெயிண்ட் பிரஷ்ல மகரந்தத்தைத் தொட்டு வெச்சார். முடி மாதிரி விதை. அது முளைச்சு, தேறி, ஒரு பெரிய குடுவை விட எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா? ஒன்பது வருஷம்! ஒரு சாண் உயரம். உதட்டுல செவப்புக் கோடு கோடா... கண்ணை எடுக்க முடியாது.

மலர்க் கண்காட்சிக்குக் கொண்டு வந்தார். "பரிசு கிடைச்சா இதுக்கு ரோசலின்னு பேர் வைக்கப் போறேன் வாத்தியாரே"ன்னார். ரோசலின் அவர் சம்சாரம். செடி முளைச்ச வருஷம்தான் அந்தம்மா தவறிப்போனாங்க.

முதல் நாள். ஒரு சின்னப் பொண்ணு கேட்டுச்சு, "தாத்தா, இது நிஜமா சாப்பிடுமா?" மனுஷனுக்குப் பெருமை தாங்கலை. ஒரு எறும்பைப் பிடிச்சுப் போட்டுக் காட்டினார். எல்லாரும் கை தட்டினாங்க. அவ்வளவுதாங்க... அங்க ஆரம்பிச்சுது.

அவர் டீ குடிக்கப் போவார், ஒருத்தர் வந்து ஒரு கடலை போடுவார். அவர் சாப்பிடப் போவார், ஒரு அம்மா வந்து, "ஐயோ பாவம், வாயைத் தெறந்துட்டே நிக்குதே, பசிக்குமில்ல?"ன்னு முறுக்கை ஒடிச்சுப் போடுவாங்க. கெட்ட எண்ணமா? இல்லவே இல்லை. எல்லாம் ஆசைதான். எல்லாம் அன்புதான். ஆளுக்கு ஒண்ணே ஒண்ணுதான்.

மூணாம் நாள் காலையில நடுவருங்க வந்தாங்க. கிட்ட வந்தாங்க... மூக்கைப் பொத்தினாங்க... அடுத்த மேசைக்குப் போயிட்டாங்க. குடுவை கறுத்து, கழுத்து மடங்கிக் கிடந்துது.

சவரிராயன் கத்தரிக்கோலால அந்தக் குடுவையை வெட்டி, ஒரு பேப்பரை விரிச்சுக் கவுத்தார். கடலை, முறுக்கு, வடைத் துணுக்கு, மென்னு போட்ட மிட்டாய்... ஒரு பஸ் டிக்கெட்டும் இருந்துது. அந்த டிக்கெட்டை எடுத்துத் தொடைச்சு உத்துப் பார்த்தார். அவர் ஓட்டின அதே ரூட்டு.

நான் கேட்டேன், "யார்னு கண்டுபிடிச்சு நாலு வார்த்தை கேட்க வேண்டாமா சவரி?"

"யாரைன்னு கேக்கறது வாத்தியாரே? ஆளுக்கு ஒண்ணுதான் போட்டாங்க. வாய் தெறந்திருந்தா பசின்னு நினைச்சுக்கிட்டாங்க. பசி இல்லைங்க... அதோட அமைப்பே அப்படி."

செடியை ரெண்டு கையாலயும் தூக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டார். அதுக்கப்புறம் ஒரு வருஷத்துக்கு அது ஒரு குடுவை கூட விடலை. பேரும் வைக்கலை.

இதை ஏன் இத்தனை வருஷமா யார்கிட்டயும் சொல்லலை தெரியுமா? அந்தப் பேப்பர்ல ஒரு வடைத் துணுக்கு கிடந்துதுன்னு சொன்னேனே... அது நான் போட்டது. எனக்கு வெக்கமா இருந்துது. இன்னிக்கும் வெக்கமாத்தான் இருக்கு.

இப்ப மேடையைப் பாருங்க. நர்சம்மா பொன்னாடையைப் போர்த்திக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. கண்ணு சொக்குது. காலையில அஞ்சு மணிக்கு ஒரு பிரசவத்தைப் பார்த்துட்டு நேரா வந்திருக்காங்க. நாம என்ன பண்றோம்? "நர்சம்மா, ஒரு பி.பி. பாருங்க." ஒண்ணே ஒண்ணுதான். "நர்சம்மா, இந்த ஃபாரத்தை நிரப்பிக் குடுங்க." ஒண்ணே ஒண்ணுதான். "நர்சம்மா, எங்க மருமககிட்ட நீங்க சொன்னாக் கேப்பா." அதுவும் ஒண்ணே ஒண்ணுதான்! அவங்க சிரிச்ச முகம். கதவு எப்பவும் திறந்திருக்கு. அதனால அவங்களுக்கு முடியும்னு நாமளே முடிவு பண்ணிக்கிட்டோம். அவங்களை ஒரு தடவை கேட்டோமா?

பிரசவமா, தட்டுங்க. குழந்தைக்கு வலிப்பா, ஓடிப் போய்த் தட்டுங்க. மத்ததுக்கெல்லாம்... கொஞ்சம் விடுங்கய்யா. அவங்களைத் தூங்க விடுங்க.

கடைசியா ஒண்ணு. நான் மைக்கைப் பிடிக்கறதுக்கு முன்னாடி விழாக் கமிட்டிக்காரர் ஒரு சீட்டைக் கையில திணிச்சார். "திருவிழா மருத்துவ முகாமையும் இந்த வருஷம் நர்சம்மாவே பொறுப்பெடுத்து நடத்துவாங்க, அறிவிச்சுடுங்க சார்"ன்னார். இதோ, இந்தச் சீட்டுதான். இதை நான் படிக்கப் போறதில்லை. மடிச்சு என் சட்டைப் பையிலயே வெச்சுக்கறேன். நான் ஒரு தடவை போட்டதே போதும்.

நர்சம்மா கையில இருக்கற அந்த மாலையை யாராவது வாங்கிக்கங்க. வீட்டுக்குப் போகட்டும்.