ஜீரோ என்று சொன்னவன்

எனக்குச் சமையல் சுமாராகத்தான் வரும். உப்பு ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். ஆனாலும் ஒரு வருடமாக என் மகள் என் கையால்தான் சாப்பிடுகிறாள், குறை சொன்னதே இல்லை. கூப்பிடாமலே போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து உட்கார்ந்துகொண்டு சமையல் கதை பேசுகிறானே என்று நினைக்காதீர்கள். இதைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

நான் வேலை பார்ப்பது ஒரு பொது ஆய்வுக்கூடத்தில். பல இடங்களிலிருந்து ஆராய்ச்சிக் குழுக்கள் வந்து, முறைவைத்துக் கருவிகளைப் பயன்படுத்திவிட்டுப் போவார்கள். உயர் அழுத்தக் கருவிகள் என் பொறுப்பு. கைக்கு அடங்கும் உலோகக் கலத்துக்குள் மாதிரியை வைத்து, மெல்லிய குழாய் வழியாக வாயுவை ஏற்றி, உறைகுளிரில் சோதிப்பார்கள். முடிந்ததும் வாயுவை வெளியேற்றிக் கலத்தைத் திறக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர். அழுத்தமானி இரும்புத் தடுப்புக்கு இந்தப் பக்கம், கலம் அந்தப் பக்கம். இங்கே இருப்பவர் 'ஜீரோ' என்று சொன்னால் அங்கே இருப்பவர் மூடியைத் திருகுவார்.

என் மகளும் ஒரு குழுவோடு வந்தாள். "வீட்லதாம்ப்பா அப்பா, இங்க நீங்க சார்" என்று கேலி செய்வாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அன்று காலை கலத்தைப் பொருத்தும்போதுதான் சொன்னாள். கடல் தாண்டி வேலை கிடைத்துவிட்டதாம், அடுத்த மாதம் கிளம்புகிறாளாம்.

"தனியா சமாளிச்சுப்பீங்கல்ல?"

"அதுக்கென்ன, சமாளிச்சுப்பேன்" என்றேன். அவள் அம்மா போன பிறகு அந்த வீட்டில் மிச்சமிருந்தது அவள் குரல் மட்டும்தான். நாலு சுவரோடு நான் என்ன பேசுவது?

சாயங்காலம் வாயுவை வெளியேற்றினேன். கலம் காலியாகும்போது அழுத்தமானியின் ஊசி தயங்கித் தயங்கித்தான் இறங்கும். அன்று சட்டென்று விழுந்தது. குழாய்க்குள் ஏதோ உறைந்து அடைத்துக்கொண்டது என்று உடனே புரிந்தது. காலியானது குழாய்தான், கலம் இல்லை. பொறுத்திருந்து சூடேற்றினால் அடைப்பு இளகிவிடும். இது அவளுக்கும் தெரியும். ஆனால் ஊசி விழுந்த விதத்தைப் பார்த்தது நான்தான்.

"ஜீரோவாப்பா?" என்று தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள். சார் என்று சொல்ல மறந்துவிட்டாள்.

"ஜீரோ" என்றேன்.

ஊசி ஜீரோவில்தான் இருந்தது. நான் பொய் சொல்லவில்லை.

மூடியைத் திருகியதும் கலம் வெடித்து, அவள் இரண்டு கைகளும் மணிக்கட்டோடு போயின. முகத்தில் கவசம் இருந்தது, உயிருக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். விபத்து என்று விசாரணையை முடித்துவிட்டார்கள். அவளோ தன் அவசரம்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டாள். முதல் வாய்ச் சோறு ஊட்டியபோது, "உங்களுக்குத்தாம்ப்பா கஷ்டம், மன்னிச்சுடுங்க" என்றாள். நான் அழுதேன், நிஜமாகவே அழுதேன். பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்.

இப்போது செயற்கைக் கைகள் பொருத்தியிருக்கிறார்கள். நேற்று அவளே ஸ்பூனைப் பிடித்துச் சாப்பிட்டாள். அந்த வேலையை இன்னும் அவளுக்காக வைத்திருக்கிறார்களாம். புதுப் பெட்டி வாங்க வேண்டும் என்றாள்.

அதனால்தான் வந்தேன். எழுதிக்கொள்ளுங்கள், தெரிந்தே சொன்னேன். உங்கள் சிறை எங்கள் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரம்தான். அப்பன் உள்ளே இருக்கும்போது விட்டுவிட்டுப் போகிற பெண் இல்லை அவள். பார்க்க வருகிறவர்களை எந்தக் கிழமை விடுவீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள், அவளிடம் சொல்ல வேண்டும்.