பதினோராவது கல்

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் உயர்நிலைப்பள்ளித் தலைமையாசிரியர் சுந்தரேசன் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பஞ்சாயத்து உறுப்பினர்களே, வாயனசாலைச் செயலாளர் அவர்களே, ஷிப்ட் முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் சைக்கிளை வெளியே நிறுத்திவிட்டு வந்திருக்கும் நூல் மில் தொழிலாளர்களே, பால்காரர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

எனக்குக் களைப்பாக இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன். இந்த வாயனசாலைக் கூடத்தில், புத்தக அலமாரிகளுக்கு நடுவே, இதே மைக்கின் முன்னால், நான் இரங்கல் உரை சொல்வது இது நான்காவது தடவை. நான்கு பேருமே நம் நல்லாம்பதி வாய்க்கால் பாலத்து வளைவில் சைக்கிளில் போனவர்கள். நான்கு பேரையும் லாரிதான் அடித்தது. முதல் மூன்று கூட்டங்களிலும் பெஞ்சு தூக்கிப் போட்டவர், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தவர், மெம்பர் மாரப்பன் அவர்கள். இன்று அவர் படத்துக்கு மாலை போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறோம்.

எழுபத்திரண்டில் நூல் மில்லுக்குக் காலை ஷிப்ட் போன சூசையப்பன் இறந்தபோது நாம் என்ன செய்தோம்? தீர்மானம் போட்டோம். அடுத்தவர் இறந்தபோது? அதே தீர்மானத்தைத் தேதி மாற்றிப் போட்டோம். மூன்றாமவருக்கும் அதைத்தான் செய்தோம். லாரி டிரைவர்கள் மெதுவாகப் போகவேண்டும் என்று இந்தக் கூட்டம் கேட்டுக்கொள்கிறது. எந்த டிரைவர் வாயனசாலைக்கு வந்து நம் தீர்மானத்தைப் படிக்கிறான்?

மூன்றாவது கூட்டம் முடிந்த மறுநாள் மாரப்பன் வாய்க்கால் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் போய் உட்கார்ந்தார். ஒரு வாரம் உட்கார்ந்திருந்தார். சோற்றுப் போசியை அங்கேயே கொண்டுவரச் சொல்லிச் சாப்பிட்டார். மெம்பருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று ஊரில் பேச்சு. நானே போய்க் கேட்டேன். அவர் எனக்கு மச்சான் முறை, வயதில் மூத்தவர். "ஏனுங்க மச்சான், இங்க உக்காந்து என்ன பண்றீங்க?" என்றேன்.

"பாத்துட்டிருக்கறன் மாப்ள. டிரைவர வெய்யறதுல ஒண்ணுமில்ல. ரோட்ட அகலம் பண்ணிப்போட்டாங்க, அவனுக்கு வழி கெடக்குது, வர்றான். வழி இருந்தா வருவான். ஒடுக்கிப்போட்டமுன்னா அவனே ஆக்சிலேட்டருல இருந்து கால எடுத்துருவான்" என்றார்.

இஞ்சினியரிங் படித்தவர் சொன்னதல்ல இது. ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்ட ஒரு விவசாயி சொன்னது. சொல்லிவிட்டுச் சும்மா இருந்தாரா? தன் தோட்டத்து வேலிக் கற்களைப் பிடுங்கினார். நம் ஊர்ப்பக்கம் கம்பி வேலிக்கு நடுவோமே, ஆள் இடுப்புயரக் கருங்கல் கால், அவைதான். அவர் மனைவி மருதாத்தாள் வைது தீர்த்தார். வேலி இல்லாத தோட்டத்துக்குள் மாடு புகுந்து சோளத்தைத் தின்றது. மாரப்பன் கற்களை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய், தார் விளிம்பிலிருந்து உள்பக்கமாக, ஆறடிக்கு ஒரு கல் என்று வளைவு முழுக்க நட்டார். கல்லுக்கு ஒரு பக்கம் லாரி, மறுபக்கம் சைக்கிள்.

நட்டதும் எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. மறுநாள் காலையிலேயே பால்கார குருசாமி, இதோ முன்வரிசையில் இருக்கிறார், இரண்டு பக்கமும் கேன் தொங்கும் சைக்கிளோடு அந்த வழியில் புகுந்து, கேன் கல்லில் மோதி, பால் முழுவதும் வாய்க்காலில் போனது. "ஏனுங்க மெம்பரே, லாரிக்குத் தப்பிச்சுக் கல்லுக்குச் சாகறதுங்களா?" என்று கேட்டார் குருசாமி. மாரப்பன் கோபப்படவில்லை. கேனோடு அந்தச் சைக்கிளைக் கடன் வாங்கித் தானே உருட்டிப் பார்த்து, கயிற்றில் முடிச்சுப் போட்டு அகலம் எடுத்து, இருபத்திரண்டு கல்லையும் பிடுங்கி, குருசாமியையும் கூட வைத்துக்கொண்டு திரும்ப நட்டார். தான் செய்ததில் தப்பு இருக்கிறது என்று ஒத்துக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து குழி தோண்டிய ஒரு மெம்பரை நீங்கள் வேறெங்கே பார்த்திருக்கிறீர்கள்?

அந்த வருடம் பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிற அன்று ஊர்ப் பெண்கள் வழக்கம்போல வேப்பிலையும் பூளைப்பூவும் எடுத்துக்கொண்டு போனார்கள். வீட்டுக்குக் கட்டினார்கள், தோட்டத்துக்குக் கட்டினார்கள், வரிசையாகக் கல் நிற்பதைப் பார்த்து அவற்றுக்கும் கட்டினார்கள். யாரோ மஞ்சள் பூசினார்கள். யாரோ பொட்டு வைத்தார்கள். ஒரு வாரத்தில் கற்பூரம். அந்தச் சமயம் பார்த்து நெடுஞ்சாலை இஞ்சினியர் வெங்கிடேஸ்வரன் ஆட்களோடு ஜீப்பில் வந்து இறங்கினார். கல்பாத்திக்காரர், நல்ல மனிதர், ஆனால் சட்டம் சட்டம்தானே. "ஆரைக் கேட்டுண்டு ரோட்டுல கல்லு நட்டேள்? அனுவாதம் உண்டோ?" என்றார். அனுமதி ஏது? பிடுங்கச் சொன்னார். கடப்பாரையோடு வந்த ஆட்கள் மஞ்சளைப் பார்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்கள். "சாமிக் கல்லுங்க. நாங்க தொடமாட்டமுங்க."

இஞ்சினியர் கொஞ்ச நேரம் நின்றார். இரண்டு லாரிகள் வந்தன. இரண்டும் வளைவில் வேகம் குறைந்து ஊர்ந்து போயின. அவர் அதைப் பார்த்தார். "நான் இந்தப் பக்கம் வரலேன்னு வெச்சுக்கோங்கோ. மஞ்சளை விட்டுட்டுச் சுண்ணாம்பு அடியுங்கோ, இருட்டுல தெரியும்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

ஊரே சந்தோஷப்பட்டது. மாரப்பன் மட்டும் மறுநாள் வாளியும் தேங்காய் நாருமாகப் போய் மஞ்சளைத் தேய்த்துக் கழுவினார். பெண்கள் சண்டைக்கு வந்தார்கள். "ஆயா, நின்னு கும்புடறதுக்கு மாரியம்மன் கோயில் இருக்குதுங்க. இங்க நின்னீங்கன்னா சைக்கிள் எங்க போகும்? கல்லு கல்லாவே இருக்கட்டும்" என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு காப்புக்கட்டன்றும் அவரே சுண்ணாம்பு அடித்தார். கல் நட்ட இந்த நான்கு வருடங்களில் அந்த வளைவில் ஒரு உயிர் போகவில்லை. ஒன்பது நாளைக்கு முந்தின அந்த வெள்ளிக்கிழமை வரைக்கும் போகவில்லை.

இதுவரை சொன்னதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். இனிச் சொல்லப்போவதை நான்தான் சொல்லவேண்டும்.

வாய்க்கால் பாலத்துக்கு மேற்கே என் எண்ணெய் மில் இருப்பது உங்களுக்குத் தெரியும். பதினோராவது கல் என் மில் வாசலுக்கு நேராக நின்றது. மாட்டு வண்டி நுழையும், லாரி நுழையாது. கடலைக்காய் மூட்டையை ரோட்டிலிருந்து ஆட்கள் சுமந்து வரவேண்டியிருந்தது. போன வருடம் கடலைக்காய் வரத்து அதிகம். நான் மாரப்பனிடம் போய் நின்றேன். "அந்த ஒரு கல்ல மட்டும் எடுத்துக் குடுங்க மச்சான். ரெண்டு மாசம். பொறவு நானே நட்டுத் தர்றன்" என்றேன். அவர் வேண்டாம் என்றார். மூன்று முறை வேண்டாம் என்றார். நான்காம் முறை உறவைச் சொல்லிக் கேட்டேன். எடுத்துக் கொடுத்தார்.

இரண்டு மாதம் போனது. வருடமும் போனது. எங்கே பார்த்தாலும், கல்யாண வீடானாலும் சந்தையானாலும், அவர் ஒன்றுதான் கேட்பார்: "கல்லு எப்ப மாப்ள?" நாளைக்கு என்பேன். நாளைக்கு என்று சொல்வதில் எனக்கு என்ன சிரமம்?

வெள்ளிக்கிழமை காலை பால் சொசைட்டியிலிருந்து அவர் சைக்கிளில் திரும்பி வந்துகொண்டிருந்தார். எதிரே பஸ் வந்ததால் லாரி ஒதுங்கியிருக்கிறது. எங்கே ஒதுங்கியது? இருபத்தொரு கல் நிற்கும் இடத்தில் அல்ல. டிரைவர் போலீசில் சொன்னதை நானும் நின்று கேட்டேன். "அங்க வழி இருந்துச்சு சார், ஒதுங்கினேன்" என்றான். வழி இருந்தா வருவான் என்று மாரப்பன் பாலத்துச் சுவரில் உட்கார்ந்து சொன்னதும், இவன் சொன்னதும் ஒன்றுதான். நடுவில் நான் நின்றிருக்கிறேன்.

விதி என்று எனக்கு முன்னால் பேசியவர்கள் சொன்னார்கள். அவர்கள் என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியும். விதி இல்லை. அந்தக் கல் என் மில் கிணற்றடியில் கிடக்கிறது. என் ஆட்கள் அதில் துணி துவைக்கிறார்கள்.

ஐந்தாம் நாள் நான் மருதாத்தாள் வீட்டுக்குப் போனேன். முறைக்கு எனக்குத் தங்கை. எதைச் சொல்லி அழுவது, எதைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் பேசுகிறேன் என்று மட்டும் சொன்னேன். அந்தம்மா அழவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை.

"பேசுங்கண்ணா. கல்லு எப்பங்க?" என்று கேட்டார்.

சபையோர்களே, அவர் விட்டுச் சென்ற பணியை நாம் தொடர்வோம் என்று சொல்லி முடிப்பது முறை. மூன்று தடவை அப்படிச் சொல்லி முடித்தவன் நான். இன்று அந்த வார்த்தையைச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை, யோக்கியதையும் இல்லை. கல்லை மதியமே கிணற்றடியிலிருந்து எடுத்துக் கழுவி வண்டியில் ஏற்றிவிட்டேன். வண்டி வெளியே நிற்கிறது. கடப்பாரை இரண்டு இருக்கிறது. குழி எத்தனை ஆழம் என்பது குருசாமிக்குத் தெரியும். பொழுது சாய இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. தலைவர் அனுமதித்தால் தீர்மானத்தை நாளைக்குப் படித்துக்கொள்ளலாம், நான் இப்போது இறங்கிப் போகிறேன்.