தந்தையர் நிறைந்த பெட்டி

செப்டம்பர் பதினெட்டாம் தேதி, சனிக்கிழமை பகலில், கராகோலில் உள்ள என் வீட்டில் இருந்தவர்கள் ஆறு பேர். தோசும்பெக் மகன் கல்மாத் ஆகிய நான், ஓய்வுபெற்ற அஞ்சல் அதிகாரி. என் மனைவி உம்சுனை. முந்தின நாள்தான் மேலே சுரங்கத்து வேலையிலிருந்து இறங்கி வந்திருந்த என் மகன் மெலிஸ். அவன் மனைவி ஜாமல். என் அண்ணன் சாதிர். ஆறாவது ஆள் உலான். அவனை மருமகன் என்று நான் சொல்லியாக வேண்டும். மன்றத்துக்குக் கொடுத்த மனுவில் ஐந்து பேர் என்று எழுதியிருக்கிறான் மெலிஸ். தன்னை எண்ண மறந்துவிட்டான். சிறிய பிழைதான், திருத்திக்கொள்ளுங்கள்.

இந்த ஊர்ப் பெரியவர்கள் மன்றத்தில் ஆறு ஆண்டுகள் தலைவனாக நடு நாற்காலியில் இருந்தவன் நான். வாக்குமூலம் எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். நடந்தது முதலில், காரணம் பிறகு, அழுகை கூடாது. அந்த நாற்காலியை நிமிர்ந்து பார்க்க இப்போது என்னால் முடியவில்லை. அதனால் எழுதிக் கொடுக்கிறேன்.

நம்மவர்களிடம் ஏழு தலைமுறைவரை பங்காளி. ஏழு தந்தையருக்குள் இரண்டு வீடும் ஓரிடத்தில் சேர்ந்தால் அந்தப் பையனும் பெண்ணும் அண்ணன் தங்கை. போன ஆண்டு என் மகள் பெகாயிம், உலானைக் கட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். உலானின் வம்சத்தைக் கேட்டேன். சொன்னான். எங்கள் வம்சப் புத்தகத்தை எடுத்து, ஊரார் முன்னிலையில் விரல் விட்டு எண்ணினேன். மகளுக்கு முதல் தந்தையான என்னிலிருந்து தொடங்கி ஏழாவது பெயர் மொல்தோய். உலானின் வழியும் மொல்தோயில் போய் முடிந்தது. இருவரையும் வீட்டுக்கு வெளியே என்று அறிவித்தேன். உலானின் உறவினர்களும் அவனை அன்றே கைகழுவினார்கள். இருவரும் எல்லை தாண்டி நோவோசிபிர்ஸ்க் நகருக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. வீட்டில் ஒரு விதி வைத்தேன். நாமாக அவளுக்கு எழுதக் கூடாது. அவள் எழுதினால் படிக்கலாம், பதில் போடலாம். தாயார் அல்லவா, அந்த அளவு இருக்கட்டும் என்று நினைத்தேன். உம்சுனை அந்த விதியை ஒரு நாளும் மீறவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். காகிதக் கடிதங்கள் என் கைக்குத்தான் வரும். 'பெறுநர் ஏற்க மறுக்கிறார்' என்று எழுதித் திருப்பினேன். அது சட்டப்படி செய்வது. இரண்டு முறை தொலைபேசியில் உலானின் குரல் கேட்டது. ரிசீவரை வைத்துவிட்டேன்.

மெலிஸ் ஒரு பழைய கணினி வாங்கி வந்தான். தபால் நிலையத்துக்கு எதிரே இருக்கும் இணைய நிறுவனத்தில் இணைப்பு எடுத்தான். இணைப்போடு வீட்டுக்கு ஒரு மின்னஞ்சல் பெட்டி இலவசம். அதன் கொள்ளளவு ஐந்து மெகாபைட். சனிக்கிழமை தோறும் ஜாமல் பெட்டியைத் திறப்பாள், உம்சுனை பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவாள். பெகாயிமின் கடிதம் வந்திருக்கும். உள்ளே இருவரும் சிரிப்பது என் அறைவரை கேட்கும்.

டிசம்பரில் பெகாயிம் திருமணப் படங்கள் அனுப்பினாள். அதன்பின் இரண்டு வாரம் ஒன்றும் வரவில்லை. உம்சுனையின் முகம் வாடியது. இணைய நிறுவனத்தில் விசாரிக்க நான்தான் போனேன். அங்கே வேலை செய்யும் தோன்யா தெரிந்த பெண். அவள் அப்பா என்னிடம் தந்திப் பிரிவில் இருந்தவர். அவளுக்கு நான் தோசும்பெக்கின் மகன், அதாவது தோசும்பெகோவிச்.

"படத்த ரொப்பி வச்சிருக்காங்க தோசும்பெகோவிச். பெட்டி நெறஞ்சு போச்சு. இனி எது வந்தாலும் அனுப்புனவங்களுக்கே திரும்பிப் போயிடும்."

"நாங்க ஒண்ணும் செய்ய வேண்டாமா?"

"நீங்க ஒண்ணும் செய்யலன்னாதான் திரும்பிப் போகும். பழச அழிச்சா புதுசு வரும். அவ்வளவுதான் கணக்கு."

அந்தப் படங்களை அவளே அழித்துக் கொடுத்தாள். நான் தெருவைக் கடந்து தபால் நிலைய வாசலில் சற்று நேரம் நின்றேன். முப்பத்தொரு ஆண்டுகள் அந்தக் கட்டடத்தில் வேலை பார்த்தவன், பிறர் கடிதம் ஒன்றைப் பிரித்ததில்லை, கிழித்ததில்லை, ஒளித்ததில்லை. இப்போதும் அதையெல்லாம் செய்யத் தேவையில்லை என்று புரிந்தது. இடம் இல்லாமல் இருந்தால் போதும்.

ஜனவரியில் வம்சப் புத்தகத்தைத் தோன்யாவிடம் எடுத்துப் போனேன். என் பாட்டனார் கைப்பட எழுதியது. பக்கத்துக்கு ஒரு முன்னோர், அவர் மக்கள், அவர் குதிரைகளின் நிறம்வரை இருக்கும். காகிதம் உதிர்கிறது, கணினியில் ஏற்றிப் பாதுகாக்க வேண்டும் என்றேன். பொய் இல்லை, உதிரத்தான் செய்தது. பன்னிரண்டு பக்கங்களை அவள் ஸ்கேன் செய்தாள். ஒவ்வொன்றுக்கும் அந்தந்த முன்னோரின் பெயரையே வைக்கச் சொல்லி, எங்கள் வீட்டுப் பெட்டிக்கு அனுப்பச் சொன்னேன்.

"ஒவ்வொருத்தரும் நானூறு கிலோபைட் கனம்," என்றாள் தோன்யா. "அந்தக் காலத்துல நல்லா ஆட்டுக்கறி தின்னவங்க போல. பழைய கடிதங்களோட சேத்து பெட்டியில இனி ஒரு ஊசி போட எடமில்ல தோசும்பெகோவிச், பரவாயில்லையா?"

பரவாயில்லை என்றேன்.

பெயர் வைக்கச் சொன்னதற்குக் காரணம் உங்களுக்கு விளங்கும். நம் வீட்டுக்கு மருமகளாக வந்த பெண் கணவன் வழிப் பெரியவர்களின் பெயரை வாயால் சொல்ல மாட்டாள். என் தகப்பனார் பெயரில் ஓர் ஓடை இருக்கிறது. அதை உம்சுனை நாற்பது ஆண்டுகளாக 'அந்தத் தண்ணி' என்றுதான் சொல்கிறாள். என்னை அவள் பெயர் சொல்லி அழைத்ததில்லை. வாயால் சொல்லத் துணியாத பெயரைக் கையால் எப்படி அழிப்பார்கள்? ஜாமல் நல்ல குடும்பத்துப் பெண். சனிக்கிழமை பெட்டியைத் திறந்ததும், மாமனாரின் தந்தையர் வரிசையாக நிற்பதைப் பார்த்துத் தலைமுக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள் என்று உம்சுனை பெருமையாக என்னிடம் சொன்னாள்.

மார்ச்சில் மெலிஸ் கேட்டான்.

"அப்பா, பெட்டியில எடம் கம்மியா இருக்குன்னு ஜாமல் சொல்றா. கொஞ்சம் அழிச்சுடட்டா?"

"எந்தத் தாத்தாவ அழிக்கப் போற? பேரச் சொல்லு."

அவன் தரையைப் பார்த்தான்.

"இல்லப்பா, தங்கச்சி எழுதினா..."

"ரெண்டு வரி எழுத எவ்வளவு எடம் வேணும்? எழுதணும்னு நெனப்பிருந்தா எழுதியிருப்பா. அங்க போனதும் மறந்துட்டா."

இதை உம்சுனையும் கேட்டுக்கொண்டிருந்தாள். தேநீர்க் கிண்ணங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதன் பிறகும் சனிக்கிழமைகளில் நாற்காலி போட்டு உட்காருவதை அவள் விடவில்லை. "இன்னைக்கும் இல்லியா?" என்பாள். "இல்ல அத்த," என்பாள் ஜாமல். சிரிப்புச் சத்தம் நின்றுவிட்டது. அது எனக்கு நிம்மதியாக இருந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் இருந்தது.

வெள்ளிக்கிழமைகளில் நான் தோன்யாவின் அலுவலகத்துக்குப் போய், அங்குள்ள கணினியில் பெட்டி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று பார்த்து வருவேன். மே மாதம் பதினான்காம் தேதி அவள் என்னைப் பார்த்ததும் கை தட்டினாள்.

"உங்களுக்கு நல்ல சேதி. புதன்கிழமையிலேர்ந்து எல்லாருக்கும் பத்து மெகா. இனி தாத்தாமாரெல்லாம் கால நீட்டிப் படுக்கலாம்."

நான் வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்து வந்தேன். மேலும் பன்னிரண்டு பக்கங்களை அனுப்பச் செய்தேன்.

இனி செப்டம்பர் பதினெட்டு. சாவுச் செய்தியை நாம் வாசலில் நின்று சொல்வதில்லை. உலான் முதலில் அண்ணன் சாதிரிடம் போயிருக்கிறான். அண்ணன் அவனை அழைத்துக்கொண்டு வந்தார். உம்சுனை உலானைப் பார்த்ததும் எழுந்து, அவனுக்குப் பின்னால் கதவைப் பார்த்தாள். வேறு யாரும் வரவில்லை.

"உம்சுனை, உக்காரும்மா," என்றார் அண்ணன். "கையில வச்சு வளத்த பறவை, கையிலயே இருக்கும்னு யாரும் நமக்கு எழுதிக் குடுக்கல. பறந்து போச்சும்மா. எல்லாரும் போற திசைக்குத்தான் போயிருக்கு."

பெகாயிமுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டதாம். ஆகஸ்டில் இறந்தாள். அவளுக்கு இருபத்தாறு வயது.

உம்சுனை உலானைப் பார்த்துக் கேட்டாள். "ஏம்ப்பா, ஒரு வரி எழுதக் கூடாதா? எத்தன மாசம் அந்தப் பெட்டி முன்னால உக்காந்திருந்தேன்."

"எழுதினோம் அத்த," என்றான் உலான். ஒரு பொட்டலத்தை மேசையில் வைத்தான். திரும்பி வந்தவற்றையெல்லாம் பெகாயிம் அச்செடுத்து வைத்திருக்கிறாள். நாற்பத்தொரு தாள். ஒவ்வொன்றிலும் மேலே ஒரே வரி: பெறுநரின் பெட்டி நிறைந்துவிட்டது.

"அம்மாவுக்கு மனசிருந்தா எடம் பண்ணியிருப்பாங்கன்னு சொன்னா. ஒண்ணு மட்டும் திரும்பி வரல. மே மாசம் மெலிஸ் அண்ணனுக்கு எழுதினது. சிறுநீரகம் பொருந்துமான்னு பாக்க ஒரு ரத்தச் சோதனை செஞ்சுக்கிறியான்னு கேட்டிருந்தா. அது கெடச்சிருச்சுன்னு நம்பினோம். ஒரு மாசம் பதிலுக்குக் காத்திருந்தா. அப்புறம் நான் ஊருக்குப் போய்க் கேக்கறேன்னதுக்கு, படிச்சுட்டு பேசாம இருக்காங்க, அதுதான் பதில், போகாதேன்னுட்டா."

மெலிஸ் ஜாமலைப் பார்த்தான். "எதுவும் வரல. எங்கம்மா மேல சத்தியமா வரல," என்றாள் அவள்.

உம்சுனை எழுந்தாள். கணினி முன் நாற்காலியைப் போட்டாள். "தொற," என்றாள். ஜாமல் திறந்தாள். உம்சுனை கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்து, தெளிவாக வாசித்தாள்.

"தோசும்பெக். அழி."

ஜாமல் கையை எடுத்துக்கொண்டாள். "அத்த, வேண்டாம் அத்த, மாமா இருக்காங்க."

"எசென்குல். அழி. தைலாக். அழி."

மருமகளின் விரலைப் பிடித்து அவளே அழுத்தினாள். நாற்பது ஆண்டுகளாக அவள் வாயில் வராத பெயர்கள். ஆறு பேருக்கும் கேட்டது. யாரும் தடுக்கவில்லை, நானும் தடுக்கவில்லை. "ஜாபக். அழி." இன்னும் கீழே போய் ஒரு பெயரில் நின்றாள்.

"போசுபாய். இது யாரு? இந்தப் பேர நான் கேட்டதே இல்லியே."

அண்ணன் எழுந்து வந்து திரையைப் பார்த்தார். "ஜாபக்கோட அப்பா சாரிபாய்தானே? சாரிபாய்க்கு அப்பா மொல்தோய். நடுவுல யாரு இவன்?" பக்கத்தைப் பெரிதாக்கச் சொல்லி வாசித்தார். ஜாபக்கின் தந்தை போசுபாய், போசுபாயின் தந்தை சாரிபாய் என்று பாட்டனார் எழுத்தில் இருந்தது. அண்ணன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். ஏழு மடங்கிய பிறகு இன்னொரு விரல் தேவைப்பட்டது.

"மொல்தோய் எட்டாவது," என்றார். "கல்மாத், எட்டுன்னா இந்தக் கல்யாணத்துல தப்பே இல்லியேடா."

புத்தகத்தில் இரண்டு தாள்கள் கொழுப்புக் கறை பட்டு ஒட்டியிருந்தன. மே பதினான்காம் தேதி, தோன்யா ஸ்கேனரின் கண்ணாடி மேல் வைத்து அழுத்தித் தூக்கியபோது அவை பிரிந்தன. நான் அங்கேயே நின்றபடி எண்ணிப் பார்த்தேன். ஊரார் முன்னிலையில் நான் எண்ணியது தவறு. அதைத் திருத்த வேண்டுமானால் ஊரார் முன்னிலையில்தான் திருத்த வேண்டும். கல்மாத்துக்கு ஏழுவரை எண்ணத் தெரியாது என்று பேசுவார்கள். என் தீர்ப்பில் வீடிழந்த மற்றவர்களும் எழுந்து கேட்பார்கள். பெட்டி நிறைய இன்னும் ஒரு பக்கம் தேவைப்பட்டது. அந்தப் பக்கத்தையே அனுப்பச் சொன்னேன். ஜாமல் பெயரைக்கூட நிமிர்ந்து பார்க்க மாட்டாள் என்று தெரியும்.

இதையெல்லாம் நான் அவர்களிடம் சொல்லி முடித்ததும் உம்சுனை திரும்பினாள். "கல்மாத்," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். என் பெயர் அவள் குரலில் எப்படி ஒலிக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. மறுநாள் அவள் உலானோடு புறப்பட்டு நோவோசிபிர்ஸ்க் போனாள், கல்லறையைப் பார்க்க. இன்னும் திரும்பவில்லை.

குடும்ப மானத்துக்காகச் செய்தேன் என்று மெலிஸ் மனுவில் எழுதியிருக்கிறான். மகன் தகப்பனுக்குக் காட்டும் மரியாதை அது. மே மாதம்வரை அப்படி இருந்திருக்கலாம். அதற்குப் பின் அது என் மானம் மட்டும்தான்.

கடைசியாக ஒன்று. திரும்பி வராத அந்த ஒரு கடிதத்தை இணைய நிறுவனம் தொலைத்துவிட்டது என்று ஊரில் பேச்சு. மெலிஸ் அங்கே போய் தோன்யாவைக் கண்டபடி பேசியிருக்கிறான்; அவள் அழுதாளாம். அந்தப் பேச்சு தவறு. நிறுவனம் எதையும் தொலைக்கவில்லை. பெட்டி பெரிதான புதன்கிழமைக்கும் நான் போன வெள்ளிக்கிழமைக்கும் நடுவில் அது ஒழுங்காக வந்து சேர்ந்திருந்தது. ஆறு கிலோபைட். நான் அதைப் பிரித்தேன். இரண்டு முறை படித்தேன். அழித்தேன். அதற்குப் பிறகுதான் புத்தகத்தை எடுத்து வர வீட்டுக்குப் போனேன்.