ஆறு டிஸ்குக்குப் பொட்டு வைத்த விவகாரம்

பெயர் கமருன்னிசா, வயது 39, கணவர் பெயர் நஸ்ருல்லா. திருச்சி பாலக்கரையில் குடியிருக்கிறேன். சர்வர் பழுது பார்ப்பது தொழில். யாருடைய வற்புறுத்தலும் இன்றி இதைச் சொல்கிறேன்.

ஸ்ரீரங்கத்தில் கணேஷ்குமார் என்பவர் நடத்தும் ஸ்கேன் சென்டரில் படங்களைச் சேமிக்கும் சர்வரை ஐந்து வருடமாக நான்தான் பார்த்து வருகிறேன். அங்கே துப்புரவு வேலை செய்யும் மாரியாயி, வயது 54, எனக்கு நன்கு தெரிந்தவர். நான் போனால் டீ வாங்கி வைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். நோயாளிகளின் ஸ்கேன் படங்களை வேண்டுமென்றே அழித்துவிட்டதாக அவர் மீது கணேஷ்குமார் இந்தக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறார்.

பூஜை விடுமுறை முடிந்த அன்று காலை ஒன்பதரை மணிக்கு என்னை அழைத்தார்கள். போய்ப் பார்த்தபோது சர்வரின் ஆறு டிஸ்கிலும் சந்தனம், குங்குமம் இருந்தது. மாரியாயியிடம் கேட்டதற்கு, "ஆயுத பூஜைக்கு எல்லா மிஷினுக்கும் பொட்டு வெச்சேன் பாப்பா. இது ஒரே தூசியா கெடந்துச்சு. எல்லாத்தையும் உருவித் தொடச்சு, பொட்டு வெச்சு, திரும்பச் சொருகிட்டேன்" என்றார். ஓடிக்கொண்டிருந்த சர்வரில் செய்திருக்கிறார். எனக்குத் தலை சுற்றியதே தவிரக் கோபம் வரவில்லை. அந்த இயந்திரத்தை அங்கே மதித்த ஒரே ஆள் அவர்தான்.

டிஸ்குகளைக் கட்டி மேய்ப்பது கன்ட்ரோலர் என்ற ஓர் அட்டை. ஒவ்வொரு படத்தையும் துண்டு துண்டாக்கி ஆறு டிஸ்கிலும் பிரித்து வைக்கும். கூடவே ஒரு கணக்கும் போட்டு வைக்கும். ஒரு டிஸ்க் செத்தாலும் மீதியை வைத்துப் படத்தை மீட்டுவிடும். எந்த டிஸ்க் எத்தனையாவது என்று அந்தந்த டிஸ்கிலேயே குறித்தும் வைக்கும். ஆகவே இடம் மாறினாலும் கண்டுபிடித்துவிடும். கெட்டிக்கார அட்டை, அதன் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. மொத்தமாக உருவியதால் மட்டும் குழம்பிப்போய், "இவை அந்நிய டிஸ்குகள், சேர்க்கவா, குறிப்பை அழிக்கவா" என்று திரையில் கேட்டிருக்கிறது. சேர்க்கச் சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

அதன் பிறகு கன்ட்ரோலரின் பதிவைப் பார்த்தேன். அன்று காலை 8.52க்கு அழிக்கும்படி கட்டளை போயிருந்தது. மாரியாயி அப்போது வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார். கணேஷ்குமாரைக் கேட்டேன். "ஏதோ கேட்டுச்சுங்க, பயத்துல அமுக்கிட்டேன்" என்றார். புகாரை மட்டும் திரும்பப் பெறவில்லை.

அழிந்தது குறிப்புதான், படங்கள் அல்ல. டிஸ்குகளின் பழைய வரிசை தெரிந்தால் மீண்டும் கட்டிவிடலாம். அதை எங்கும் எழுதி வைக்காதது என் தவறு. அதன் பிறகு மாரியாயியையே கேட்டேன். கண்ணை மூடிக் கையால் காட்டிச் சொன்னார்: "எடப்பக்கத்துலேர்ந்து எடுத்து ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கினேன். மேல இருந்ததை மொதல்ல எடுத்து, எடப்பக்கத்துலேர்ந்தே சொருகினேன்." அதாவது வரிசை தலைகீழ். அப்படியே கட்டினேன்.

பகல் ஒன்றரைக்கு எல்லாப் படங்களும் வந்தன. முதலில் திறந்தது ஓர் ஐந்து மாதக் கர்ப்பிணியின் ஸ்கேன். குழந்தை விரல் சூப்பிக்கொண்டிருந்தது. மாரியாயியைக் கூப்பிட்டுக் காட்டத் திரும்பினேன். அதற்குள் அவரை இந்த நிலையத்துக்கு அழைத்து வந்துவிட்டிருந்தார்கள்.

சர்வர் அலமாரியைப் பூட்டாமல் போனது நான். அழிக்கச் சொன்னது கணேஷ்குமார். மீட்டுக் கொடுத்தது மாரியாயி. வழக்குப் பதிவதானால் இதே வரிசையில் எழுதிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நான் சொன்னபடியே எழுதி எனக்கு வாசித்துக் காட்டினார்கள். அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) கமருன்னிசா