பக்கத்தில் நிற்பவன்

உங்கள் கதவுக்கு மேலே, வெளியே போகும் வழியைக் காட்டுகிற ‘கெலுவார்’ விளக்கு எரியவில்லை, இன்ஸ்பெக்டர். தீப்பிடித்தால் புகையில் வாசல் தெரியாது. சொல்கிறேனே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் நான் பாதுகாப்பு அதிகாரி. கண் தானாக அங்கேதான் போகிறது.

தனேஷ் விஷயத்துக்கு வருகிறேன். அவன் ஓட்டியது கல்யாண வீடுகளில் நீங்கள் பார்க்கிற டிரோன் அல்ல. அதன் மூக்கில் ஒரு கேமரா. அது பார்ப்பதெல்லாம் ஓட்டுகிறவன் மாட்டியிருக்கும் கண்ணாடிக்குள் தெரியும். முழுசாக மூடிய கண்ணாடி. ஆள் தரையில் நிற்பான், கண் மட்டும் பறந்துகொண்டிருக்கும். காலடியில் பாம்பு வந்தாலும் அவனுக்குத் தெரியாது. அதனால்தான் பக்கத்தில் ஒருவன் நிற்க வேண்டும். வருடக்கணக்கில் அந்த ஒருவன் நான். மடக்கு நாற்காலியைப் போட்டு அவனைச் சுவரோரம் உட்கார வைத்து, “மேல கம்பி இருக்கு, பின்னால லோரி வருது” என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். அவனுடைய வீடியோக்களை லட்சம் பேர் பார்த்தார்கள். என் பெயர் எதிலும் வரவில்லை. அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழை இலை உணவகத்தில் எங்கள் டிரோன் குழு கூடியிருந்தது. புதிதாகச் சேர்ந்த மலர்விழி, பக்கத்தில் ஆள் நிற்பது கட்டாயமா என்று கேட்டாள்.

“சும்மா நிக்கறதுக்கு ஆள் எதுக்கு லா? நேசன் அண்ணே என் பேக் தூக்க வர்றாரு. அடுத்த மாசத்துலேருந்து நான் தனியாவே பறக்கப் போறேன்” என்றான் தனேஷ்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தொழிற்சாலையிலும் இதே கதைதான், சார். யாராவது ஒருவன் கை இயந்திரத்தில் மாட்டும்வரை தரையில் போட்ட மஞ்சள் கோட்டை எவனும் மதிக்க மாட்டான். மாட்டிவிட்டால் கொஞ்ச நாளைக்கு எல்லோரும் ஒழுங்காக இருப்பார்கள்.

அடுத்த ஞாயிறு மாலை போர்ட் கிள்ளானில், கைவிடப்பட்ட ஒரு கட்டடத்தின் மொட்டைமாடிக்கு நானும் தனேஷும் ஏறினோம். நான்கு மாடி. ஒரு பக்கம் தடுப்புச் சுவர் உடைந்து கிடந்தது.

“நாற்காலி எங்கண்ணே?”

மறந்துவிட்டேன் என்றேன். பரவாயில்லை, நின்றுகொள்கிறேன் என்றான். எங்கே நிற்பது என்று நான்தான் காட்டினேன். உடைந்த சுவர் அவனுக்கு இடப்பக்கம் இருந்தது.

துறைமுகத்துப் பக்கம் ஒரு சுற்றுப் போய்விட்டு டிரோன் திரும்பி வந்தது. எதிரே அவன் முகத்தைப் பார்த்து அந்தரத்தில் நின்றது. கண்ணாடிக்குள் அவன் தன்னையே பார்த்தான். குரல் மாறிவிட்டது.

“அண்ணே, ஓரத்துலயா நிக்கறேன்?”

“ஆமா. தள்ளி நில்லு.”

எந்தப் பக்கம் என்று நான் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. எதிரிலிருந்து பார்க்கிற கேமராவில் நம் இடது கை, படத்தில் வலப்பக்கம் தெரியும். உடைந்த சுவரும் அவனுக்கு வலப்பக்கம்தான் தெரிந்தது. அதனால் இடப்பக்கம் நகர்ந்தான். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்திருக்கலாம். கழற்றினால் டிரோன் போய்விடுமே என்ற கவலை. உயிரைவிட அது பெரிதாகப் போய்விட்டது பாருங்கள்.

நான் அவனைத் தொடவில்லை. பொய்யும் சொல்லவில்லை. டிரோன் பார்த்ததெல்லாம் அவன் கண்ணாடியில் பதிவாகியிருக்கும். என் கைகள் இரண்டும் பின்னால் கட்டியிருப்பதை அதில் நீங்களே பார்க்கலாம். ஆஸ்பத்திரியில் பிள்ளையின் உடலைக் காட்டியபோது அவன் அம்மா என் தோளில் சாய்ந்து அழுதார். எனக்கும் அழுகை வந்தது, நிஜமாகவே.

இப்போது எங்கள் குழுவில் பக்கத்தில் ஆள் இல்லாமல் யாரும் பறப்பதில்லை. பக்கத்தில் நிற்பவர்களைப் பழக்கும் பொறுப்பை என்னிடமே கொடுத்திருக்கிறார்கள். முதலில் பெயர் கொடுத்தது மலர்விழிதான். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. அதற்குள் என்னை அனுப்பிவிடுவீர்கள் அல்லவா?

நாற்காலியா? மறக்கவில்லை, சார். கீழே காரில்தான் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு ஏறியிருந்தால் அந்தப் பையன் கடைசிவரை எதையும் கற்றுக்கொண்டிருக்க மாட்டான்.